ரத்த வகையைச் சொல்லும் கொள்ளு

தேக்கா மளிகைக் கடைகளில் பயறு வகைகளோடு விற்கப்படும் கொள்ளு, ரசத்துக்கும் சுண்டலுக்கும் மட்டும் பயன்படுவதில்லை. ரத்தத்தைச் சோதிக்கும் ஆய்வகங்களிலும் அதற்கு ஒரு வேலை உண்டு.

நம் உயிரணுக்களைச் சர்க்கரை மூலக்கூறுகளாலான சங்கிலிகள் போர்த்தியிருக்கின்றன. அவை உயிரணுவின் அடையாள அட்டை போன்றவை. ரத்தம் ‘ஏ’ வகையா, ‘பி’ வகையா என்பதை முடிவு செய்வதே சிவப்பணுவின் மேலுள்ள சங்கிலியின் நுனியில் இருக்கும் ஒரு சர்க்கரைதான். ‘ஓ’ வகையில் அந்த நுனிச் சர்க்கரை இருக்காது.

இந்த அட்டையைப் படிக்கும் புரதங்களின் பெயர் லெக்டின். ‘தேர்ந்தெடுத்தல்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. ஒவ்வொரு லெக்டினும் தன் பள்ளத்தில் பொருந்தும் சர்க்கரையை மட்டுமே பற்றும். ஒரே லெக்டினில் பல பள்ளங்கள் இருந்தால், அது பல சிவப்பணுக்களை ஒன்றாகப் பிடித்துத் திரளச் செய்யும்.

‘ஏ’ வகைக்குள்ளும் ஏ1, ஏ2 என்ற பிரிவுகள் உண்டு. ஏ2 சிவப்பணுக்களில் ‘ஏ’ சர்க்கரை குறைவு. அளவாக நீர்த்த கொள்ளுச் சாறு ஏ1 அணுக்களைத் திரளச் செய்யும். ஏ2 அணுக்களை விட்டுவிடும். இதை 1950களின் தொடக்கத்தில் இந்தியாவில் ஆய்வு செய்து வெளியிட்டவர் ஜி. டபிள்யூ. ஜி. பேர்ட். ஏ2 பிரிவினர் சிலரின் ரத்தத்தில் ஏ1 அணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருப்பதால், ரத்த வகைச் சோதனையின் முடிவு முரண்படலாம். ரத்தம் ஏற்றும் முன் அந்தக் குழப்பம் தீர வேண்டும். அதற்குக் கொள்ளு லெக்டின் கைகொடுக்கிறது.

நம் உடலுக்குள்ளும் லெக்டின்கள் உண்டு. காலில் முள் குத்தினால், அருகிலுள்ள ரத்தக் குழாயின் உட்சுவரில் செலெக்டின் என்ற லெக்டின் தோன்றும். விரைந்து செல்லும் வெள்ளையணுக்களின் சர்க்கரையைப் பற்றி அது வேகத்தைக் குறைக்கும். உருண்டு மெதுவாகும் வெள்ளையணு, சுவரைக் கடந்து காயத்தை அடையும்.

இதே வழியைக் கிருமியும் பயன்படுத்தும். 2020இல் சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டோரைப் பாதித்த டெங்கிக் கிருமியின் மேலும் சர்க்கரை இருக்கிறது. நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் சிலவற்றிலுள்ள ‘டிசி-சைன்’ என்ற லெக்டின் அதைப் பற்றும்போது, கிருமி அந்த உயிரணுவுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது.

சமையலறைக்கும் ஒரு பாடம் உண்டு. வேகாத ராஜ்மாவிலுள்ள லெக்டின் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். ஊறவைத்து, நீரை வடித்து, புதிய நீரில் நன்கு கொதிக்கவிட்டால் அந்தப் புரதம் உருக்குலைந்துவிடும்.

சிந்திக்க: கொதித்த கொள்ளுச் சாறு ரத்தச் சோதனைக்கு உதவுமா? ஏன்?