வசந்த கால வான்கோழி வேட்டை: மார்ச் மாசமே தயாராகுங்க!

மிசௌரி மாநிலத்துல வசந்த கால வான்கோழி சீசன் ஏப்ரல் மாசம் மூணாவது திங்கட்கிழமை திறக்கும். மொத்தம் 21 நாள். இந்த வருஷம் முதல் தடவையா காட்டுக்குள்ள கால் வைக்கப்போற தம்பி, தங்கச்சிகளுக்கு அக்கா சொல்றது இதுதான்: அந்தத் திங்கட்கிழமை காலையில எதுவும் புதுசா கத்துக்க நேரம் இருக்காது. உரிமம், துப்பாக்கி, காடு, கூப்பிடுற சத்தம், உடுப்பு எல்லாத்தையும் மார்ச் மாசமே கையில எடுங்க.

ஆரம்பிக்கறதுக்கு முந்தி ஒரு விஷயம் மனசுல இருக்கட்டும். 1950-கள்ல மிசௌரியில காட்டு வான்கோழி சில ஆயிரம்தான் மிஞ்சியிருந்துச்சு. இருந்த இடத்துல வலை வெச்சு உயிரோட பிடிச்சு, காலியாகிப்போன காடுகள்ல கொண்டுபோய் விட்டுப் பெருக்கினாங்க. 1960-ல முதல் வசந்த சீசன் நடந்தப்போ மூணே நாள், 14 கவுண்டி, கிடைச்சது 94 பறவை. துப்பாக்கி, தோட்டா விற்பனை மேல போடுற கூட்டாட்சி வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கே ஒதுக்கச் சொல்லுது 1937-ல வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம். நீங்க கட்டுற பெர்மிட் பணமும் அந்த வேலைக்குத்தான் போகுது. இங்க இருக்கற ஒவ்வொரு விதிக்கும் பின்னால இந்தக் கதை இருக்கு.

1. முதல்ல காகிதம், அப்புறம்தான் துப்பாக்கி

1967 ஜனவரி 1 அன்னிக்கோ அதுக்கப்புறமோ பிறந்தவங்க, துப்பாக்கி வேட்டைக்கான பெர்மிட் வாங்க வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் காட்டணும். 11 வயசு ஆனாலே இந்தப் பயிற்சியில சேரலாம். ஏப்ரல்ல சேர்ந்துக்கலாம்னு தள்ளிப்போடாதீங்க. பயிற்சி முடிக்க நேரமில்லாத பெரியவங்களுக்கு 'அப்ரெண்டிஸ்' அனுமதின்னு ஒண்ணு இருக்கு. சான்றிதழ் வாங்கின, 18 வயசு நிறைஞ்ச ஒருத்தர் கூடவே இருந்தாத்தான் அதுல வேட்டையாட முடியும். ஆனா என் பேச்சைக் கேக்கறதா இருந்தா, பயிற்சியையே முடிச்சிடுங்க. அதுல சொல்லித் தர்ற பாதுகாப்புப் பாடம் உயிர் காக்கும்.

எச்-1பி, எஃப்-1 மாதிரி விசாவுல இருக்கறவங்க இதைக் கவனமா படிங்க. கூட்டாட்சிச் சட்டப்படி, இப்படிப்பட்ட தற்காலிக விசாவுல வந்தவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கக் கூடாது. அமெரிக்காவுல முறைப்படி கொடுத்த வேட்டை உரிமம் கையில இருந்தா அதுக்கு விதிவிலக்கு உண்டு. அதனால உரிமம் வாங்கறதுக்கு முன்னாடி நண்பரோட துப்பாக்கியைக்கூடக் கையில வாங்காதீங்க. உரிமம் காலாவதி ஆகற தேதியையும் குறிச்சு வெச்சுக்கோங்க. கிரீன் கார்டு இருக்கறவங்களுக்கு இந்தத் தடை இல்ல. சின்னதா ஒரு சந்தேகம் இருந்தாலும் வக்கீல்கிட்ட கேட்டுட்டு அடுத்த அடி வைங்க. இதுல தப்பு நடந்தா விசாவே போயிடும்.

மிசௌரி வனப் பாதுகாப்புத் துறை வருஷா வருஷம் வசந்த வான்கோழிக் கையேடு போடுது. முழுசா படிங்க. முக்கியமானது இவ்வளவு: சேவலையோ, நெஞ்சுல தொங்கற தாடி வெளியில தெரியற பறவையையோ மட்டும்தான் சுடலாம். சீசனுக்கு ரெண்டு, முதல் வாரத்துல ஒண்ணுதான். நாலாம் நம்பரை விடப் பெரிய ரவை கூடாது. பதிவு பண்ணின குரலை ஸ்பீக்கர்ல ஒலிக்க விடக் கூடாது. தீனி போட்டு வரவழைக்கக் கூடாது. போட்ட தீனியை முழுசா அள்ளினாலும் அந்த இடம் பத்து நாளைக்குத் தீனி போட்ட இடமாத்தான் கணக்கு. வேட்டை நேரம் சூரியன் உதிக்க அரை மணி முன்னாடி தொடங்கும். பொது நிலத்துல பகல் 1 மணிக்கு நிறுத்திடணும்.

2. துப்பாக்கியைக் காகிதத்துல சோதிச்சுப் பாருங்க

ஷாட்கன் ஒரே குண்டைத் துப்பறதில்ல, ரவையைக் கொத்தா வீசுது. அந்தக் கொத்து எங்க விழுது, எவ்வளவு அடர்த்தியா விழுதுன்னு தெரியாம காட்டுக்குப் போறது பறவைக்குச் செய்யற அநியாயம். காயம்பட்டு ஓடிப்போய் எங்கேயோ புதருக்குள்ள சாகும்.

மூணு அடி அகலக் காகிதத்தை அட்டையில ஒட்டி, நடுவுல ஒரு புள்ளி வைங்க. முதல்ல விலை குறைஞ்ச, உதை குறைஞ்ச தோட்டாவைப் போட்டுக் கிட்டத்துல இருந்து சுட்டு, கொத்து புள்ளி மேலதான் விழுதான்னு பாருங்க. அப்புறம் வேட்டைக்கு எடுத்துட்டுப் போற தோட்டாவையே போட்டு 20, 30, 40 கஜத்துல சுடுங்க. அடர்த்தியான இடத்தைச் சுத்தி பத்து அங்குல வட்டம் போட்டு ஓட்டைகளை எண்ணுங்க. அந்த வட்டத்துக்குள்ள நூறு ரவையாவது விழணும்ங்கறது வேட்டைக்காரங்க பல காலமா வெச்சிருக்கற அளவு. 40 கஜத்துல நூறு விழலைன்னா உங்க எல்லை 30 கஜம்தான்.

ரவை நம்பர் கூடக் கூட அளவு சின்னது. ஆறாம் நம்பர் நாலாம் நம்பரை விடப் பொடி. 'டிஎஸ்எஸ்'ங்கற டங்ஸ்டன் ரவை ஈயத்தை விட ரொம்ப கனமானது, அதனால ஒன்பதாம் நம்பர் பொடியே வேலை செய்யும். விலை கையைக் கடிக்கும். ஈயத்துலயே நாலு, அஞ்சு, ஆறுன்னு ரெண்டு மூணு கம்பெனி வாங்கிப் பாத்துட்டு, உங்க குழலுக்கு எது ஒத்துப்போகுதோ அதையே வெச்சுக்கோங்க. தோள் வலிச்சா 12 கேஜை விட்டுட்டு 20 கேஜுக்கு மாறுங்க; நல்ல தோட்டா போட்டா அது போதும்.

3. விடியறதுக்கு முன்னாடி காதைத் தீட்டுங்க

வான்கோழி ராத்திரி மரத்து மேல தூங்கும். விடியறப்போ கிளையில இருந்தபடியே சேவல் கூவும், அப்புறம்தான் இறங்கும். மார்ச் கடைசியில இருந்து, வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே போய் மேட்டுல நின்னு கேளுங்க. எந்தப் பக்கம் கூவுது, இறங்கினதும் எந்தத் திசைக்கு நகருதுன்னு மேப்ல குறிங்க. ஆந்தை, காக்கா சத்தம் கேட்டாலே சேவல் தன்னை அறியாம பதில் கூவும். அதுக்குன்னே ஊதல் விக்குது. ஆனா இந்த நாட்கள்ல பெட்டைக் குரலைப் போட்டுப் பாக்காதீங்க. ஒரு தடவை ஏமாந்த சேவல் அடுத்த தடவை வராது.

பகல்ல தரையைப் படிங்க. காய்ஞ்ச இலைகளைக் கிளறிப் போட்டிருந்தா அங்க மேய்ஞ்சிருக்கு. எச்சம் 'ஜே' எழுத்து மாதிரி வளைஞ்சு நீளமா இருந்தா சேவல், சுருண்டு உருண்டையா இருந்தா பெட்டை. நெஞ்சு இறகு நுனி கறுப்பா இருந்தா சேவல், வெளிர் பழுப்பா இருந்தா பெட்டை. மண் பாதையில கால் தடத்துக்கு ரெண்டு பக்கமும் கோடு இழுத்திருந்தா, அங்க சேவல் தோகையை விரிச்சு இறக்கையைத் தரையில தேய்ச்சு நடந்திருக்குன்னு அர்த்தம். உக்கார அதை விட நல்ல இடம் இல்ல.

மார்க் ட்வைன் தேசியக் காடு மாதிரி பொது நிலம் இருக்கு. தனியார் பண்ணைன்னா சொந்தக்காரரைப் பகல்ல நேர்ல பாத்து, பேர் சொல்லி, மரியாதையா கேளுங்க. எழுத்துல அனுமதி வாங்குங்க. கேட்டைத் திறந்தா மூடிட்டுப் போங்க. எப்பவும் ரெண்டு இடம் கையில இருக்கட்டும். முதல் இடத்துல வேற வண்டி நின்னா, சத்தமில்லாம திரும்பி அடுத்த இடத்துக்குப் போயிடலாம்.

4. கூப்பிடக் கத்துக்கோங்க, கொஞ்சமா கூப்பிடுங்க

புதுசா வர்றவங்களுக்கு பாக்ஸ் கால்தான் சுலபம். மரப்பெட்டியோட மூடியைப் பக்கப் பலகையில உரசினா பெட்டையோட 'யெல்ப்' வரும். அதுக்குன்னு விக்கற மெழுகில்லாத சாக்கட்டியை மட்டும்தான் மூடியில தேய்க்கணும். எண்ணெய்ப் பசை பட்டா சத்தம் வழுக்கிடும். மழையில நனைஞ்சாலும் அதே கதி, பிளாஸ்டிக் பையில வைங்க. அடுத்து ஸ்லேட் கால்: கல்லு மேல குச்சியைச் சின்ன வட்டமா இழுக்கணும், கல்லை அப்பப்போ உப்புத்தாள் போட்டு சொரசொரப்பாக்கணும். வாய்க்குள்ள வைக்கற டயஃப்ரம் கால் கை அசையாம கூப்பிட உதவும், ஆனா பழக நாளாகும். இன்னிக்கே காருக்குள்ள உக்காந்து ஆரம்பிங்க.

யெல்ப், கிளக், பர் இந்த மூணும் வந்தா போதும். இயற்கையில சேவல் கூவும், பெட்டைதான் தேடிப் போகும். நாம அதைத் தலைகீழா கேக்கறோம், அதனால சேவல் தூரத்துல நின்னு காத்துட்டிருக்கும். அது பதில் சொன்னதும் நீங்க வாயை மூடிக்கோங்க. சத்தம் நின்னுபோச்சேன்னு எழுந்திருக்காதீங்க. பல சேவல் கூவாமத்தான் கிட்ட வரும். அரை மணி நேரம் கூடுதலா உக்காருங்க. காலை 9 மணிக்கு மேல பெட்டைகள் கூட்டுக்குப் போயிட்டா சேவல் தனியா நிக்கும், அப்போ கூப்பிட்டா வர வாய்ப்பு அதிகம்.

5. உடுப்பும் உண்ணியும்

வான்கோழிக்கு மோப்பம் பெருசா கிடையாது, கண்ணுதான் எல்லாம். நிறம் தெரியும், நம்ம கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் தெரியும். உச்சந்தலையில இருந்து கால் வரை காமோ உடுப்பு, கையுறை, முகமூடி போடுங்க. துணியைப் பளிச்சுன்னு காட்டற சலவைப் பவுடர் வேண்டாம்.

சிவப்பு, வெள்ளை, நீலம் இந்த மூணும் உடம்புல எங்கயும் இருக்கக் கூடாது. சாக்ஸ், உள்பனியன், கைக்குட்டைகூட. சேவலோட தலை அதே மூணு நிறம், இன்னொரு வேட்டைக்காரர் உங்களைச் சேவல்னு நினைச்சுடலாம்.

ஏப்ரல்ல மிசௌரி காட்டுல உண்ணி நிறைய. 'லோன் ஸ்டார்' உண்ணி கடிச்சா சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறியே ஒத்துக்காம போற 'ஆல்ஃபா-கால்' ஒவ்வாமை வருது. 0.5 சதவீத பெர்மெத்ரினை உடுப்பு, பூட்ஸ் மேல மட்டும் அடிச்சு, நல்லா காய்ஞ்சப்புறம் போடுங்க. ஈரமா இருக்கறப்போ வீட்டுப் பூனை பக்கத்துல வரக் கூடாது, அதுக்கு அது விஷம். தோலுக்கு டீட் கலந்த மருந்து. பேன்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகுங்க. வீட்டுக்கு வந்ததும் குளிச்சு, அக்குள், இடுப்பு, முட்டி மடிப்பு, தலைமுடி எல்லாம் பாருங்க.

6. உக்காரும் இடமும் விசையும்

இந்த வேட்டையில ஆபத்து எங்க இருக்குன்னா, நீங்க புதரோட புதரா மறைஞ்சிருந்து பெட்டைக் குரல் கொடுக்கறீங்க. அதே மாதிரி இன்னொருத்தரும் கொடுக்கலாம். கூவல் கேட்டுச்சுன்னு அதை நோக்கிப் பதுங்கிப் போகவே கூடாது. அங்க இருக்கறது மனுஷனா இருக்கலாம்.

உங்க தோளை விட அகலமான மரத்துல முதுகைச் சாய்ச்சு உக்காருங்க. பின்னாலேர்ந்து வர்ற ரவையையும் அது தடுக்கும். முன்னாடி 40 கஜத்துல ஒரு கட்டையையோ மரத்தையோ எல்லையா வெச்சுக்கோங்க. சேவலை ஏமாத்தி வரவழைக்கற வான்கோழி பொம்மையை, அதாவது டிகாயை, 20 கஜத்துல நடுங்க. யாராவது வர்றது தெரிஞ்சா கையை ஆட்டாதீங்க, ஊதலை ஊதாதீங்க, "ஸ்டாப்!"னு மனுஷக் குரல்ல உரக்கக் கத்துங்க. சுட்ட பறவையையும் டிகாயையும் தூக்கிட்டு நடக்கறப்போ ஆரஞ்சுத் துணியில சுத்துங்க. சட்டம் கேக்கலைன்னாலும், நடக்கறப்போ ஆரஞ்சுத் தொப்பி போடுங்க.

தலை, தாடி, பறவைக்குப் பின்னால என்ன இருக்கு, இந்த மூணையும் பாத்தப்புறம்தான் விரல் விசைக்குப் போகணும். தோகை விரிச்சு நிக்கறப்போ கழுத்து உள்ள இழுத்திருக்கும், சுடாதீங்க. ஒரு 'கிளக்' கொடுங்க, கழுத்தை நீட்டும். விழுந்ததும் சேஃப்டியைப் போட்டுட்டு நடந்து போங்க. துடிக்கறப்போ காலைப் பிடிக்காதீங்க, சேவல் முள் கையைக் கிழிச்சிடும்.

7. காட்டுல இருந்து அடுப்புக்கு

சுட்ட உடனே பெர்மிட்ல தேதியை வெட்டிக் குறிங்க. அன்னிக்கு ராத்திரி 10 மணிக்குள்ள வனப் பாதுகாப்புத் துறையோட 'டெலிசெக்' பதிவு முறையில பறவையைப் பதிவு பண்ணணும். அதுவரைக்கும் தலையும் இறகும் அப்படியே இருக்கணும். ஏப்ரல் வெயிலுக்குக் கறி சீக்கிரம் கெடும், வண்டியில ஐஸ் பெட்டி இருக்கட்டும்.

காட்டு வான்கோழியில கொழுப்பு குறைவு. நெஞ்சுக்கறியைத் தயிர், இஞ்சி பூண்டு, மிளகுல ஊற வெச்சு, 74 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கிடுங்க. அதுக்கு மேல போனா சக்கை. காலும் தொடையும் நாட்டுக்கோழி மாதிரி கெட்டி, நரம்பு ஜாஸ்தி. குக்கர்ல வேக வெச்சு உதிர்த்துக் குழம்போ பிரியாணியோ பண்ணுங்க. வெட்டறப்போ ரவைத் துளை இருக்கற இடத்தை விரலால தடவி, ரவையை எடுத்துடுங்க. பிள்ளைங்க பல்லுல மாட்டக் கூடாது.

கடைசியா ஒரு வார்த்தை, தம்பி, தங்கச்சி. காதால கேட்டதுக்குத் துப்பாக்கியைத் தூக்காதீங்க, கண்ணால முழுசா பாத்ததுக்கு மட்டும் தூக்குங்க. சேவல் தப்பிச்சா சீசன் மே மாசம் வரைக்கும் இருக்கு, அடுத்த வருஷமும் இருக்கு. நீங்க பத்திரமா வீடு திரும்புங்க.