ஆங்கிலப் பாடத்தில் ஒருசொற் பயிற்சி

நீண்டதொரு தொடரைத் தந்து, அதன் பொருளை ஒரே சொல்லாற் கூறுக என்று கேட்பது ஆங்கில வினாத்தாள்களில் நெடுங்கால வழக்கு. தாய் தந்தையரை இழந்த பிள்ளை ‘ஓர்பன்’. பதினான்கு நாட் காலம் ‘போற்னைற்’. ஊன் தின்னும் இயல்பினது ‘கார்னிவோறஸ்’. மாணவர் இவற்றை நூறு இருநூறாகக் கொப்பிகளில் எழுதி வைத்துச் சோதனைக்கு முதல்நாளிரவு மனனம் பண்ணுவர். சோதனை முடிந்த மறுநாளே மறப்பர். தமிழ் கற்பிப்பவனுக்கு இதில் என்ன அலுவல் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். ஆங்கில ஆசிரியர் இல்லாத ஒரு தவணையில் அவ்வகுப்பு எம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது. அப்பொழுது கண்டவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

மனனம் தீதன்று. நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் நிகண்டை மனனஞ் செய்தே சொல்வளம் பெற்றனர். நாவலர் பெருமான் 1849 இல் சென்னையில் அச்சிடுவித்த நூல்களுள் சூடாமணி நிகண்டுரையும் ஒன்று. ஆனால் நிகண்டு சொற்களை வாரி இறைத்த குவியலன்று. தேவப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர் என அது இனம் இனமாகத் தொகுக்கப்பெற்றது. ஆங்கிலத்திலும் றொஜே என்னும் வைத்தியர் 1852 இல் வெளியிட்ட சொற்களஞ்சியம் அகரவரிசையை விடுத்துப் பொருள்வகையாலேயே சொற்களை நிரைப்படுத்தியது. நம் மாணவரின் கொப்பியிலோ அநாதைப் பிள்ளைக்கு அடுத்த வரியிலே பூச்சிகொல்லி மருந்து நிற்கின்றது. நினைவு எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்?

ஆதலால் யாம் சொற்களை வேர்வழியே கூட்டினோம். ‘ஒம்னி’ என்பது இலத்தீன் மொழியில் ‘எல்லாம்’ எனப் பொருள்படும். எல்லாம் வல்லவன் ‘ஒம்னிபொற்றன்ற்’. எங்கும் நிறைந்தவன் ‘ஒம்னிப்பிறெசன்ற்’. எல்லாவற்றையும் உண்பது, நம் முற்றத்துக் காகம் போல, ‘ஒம்னிவோறஸ்’. நாடோறும் நாம் ஏறுகின்ற பஸ்ஸும் இக்குடும்பத்ததே. ‘ஒம்னிபஸ்’ என்றால் ‘எல்லோர்க்கும்’ என்பது பொருள். நாளடைவில் முன்பாதி தேய்ந்து ‘பஸ்’ மாத்திரம் எஞ்சிற்று. இலக்கணம் அறிந்தார்க்கு இது நகை விளைவிக்கும்: வேர்ச்சொல் முழுதும் உதிர்ந்துபோக, நான்காம் வேற்றுமை உருபு தனியே வீதியில் ஓடுகின்றது! இதனைக் கேட்ட வகுப்பில் ‘ஒம்னி’யை மறந்தவர் ஒருவருமிலர்.

‘சைட்’ என முடியுஞ் சொற்களும் அவ்வாறே. அவ்விறுதி கொல்லுதலைக் குறிக்கும். அரசனைக் கொல்லுதல் ‘ரெஜிசைட்’, தன்னைக் கொல்லுதல் ‘சூயிசைட்’, மனிதனைக் கொல்லுதல் ‘ஹொமிசைட்’. இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘ஹொமிசைட்’ என்பதும் ‘மேர்டர்’ என்பதும் ஒன்றல்ல. முன்னது குற்றமாயினும் அன்றாயினும் ஒருவர் மற்றொருவரைக் கொன்றமை மட்டுங் கூறும். பின்னது தீய கருத்தோடு செய்த குற்றத்தைக் கூறும். சுருங்கச் சொல்லப் புகுந்து பிழைபடச் சொல்லுதல் ஆகாது.

இப்பிழையின் கொடுமையை அவ்வகுப்பிலேயே கண்டோம். எழுத வாசிக்கத் தெரியாதவரைக் குறிக்கும் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதுக என்றோம். ஒரு மாணவன், ‘இல்லிற்றறேற்’ என்னுஞ் சொல் நினைவுக்கு வராமையால், தன் பாட்டியாரை ‘இக்னொறன்ற்’ என்று எழுதினான். எழுத்து என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது முதற்சொல். இரண்டாவதோ அறியாமையுடையார் என்பது. பாட்டியார் என்னென்ன அறிவார் என்று கேட்டோம். கோயிலிற் புராணபடனங் கேட்டுக் கேட்டே கந்தபுராணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட செய்யுள்களைச் சொல்வார் என்றான். எந்த நோய்க்கு எந்த மூலிகை என்பதும் அறிவார் என்றான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் முகம் வாடிற்று. யாம் ஒன்றுஞ் சொல்லவில்லை. அவனே கொப்பியை வாங்கி அச்சொல்லை வெட்டினான். ஐந்து புள்ளிக்காகச் சொற்களை நெட்டுருப் பண்ணுவித்த எமக்கும் அன்று வெட்கமாயிற்று.

அதன்பின் பயிற்சியைத் திருப்பி வைத்தோம். தமிழில் ஒரு சொல்லாய் இருப்பதை ஆங்கிலத்தில் விரித்துரைக்க வேண்டும். அக்காவுக்கும் தங்கைக்கும் அங்கே ‘சிஸ்ரர்’ ஒன்றே. மூத்தவள் இளையவள் என அடை கூட்டியே தீரவேண்டும். ஆனால் உண்மையான சோதனை பனையடியிலேதான் வந்தது. வடலி, காவோலை, பன்னாடை, பூரான், பனாட்டு, ஒடியல் எனக் கரும்பலகையில் எழுதினோம். ஆங்கிலப் பாடமென்றால் வாய் திறவாத பின்வாங்குப் பிள்ளைகள் முந்திக்கொண்டு எழுந்தனர். ஒடியல் என்பதற்கு, பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலிற் காயவைத்தது என்று விரிக்க ஒருவன் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் செலவிட்டான். அவித்துக் காயவைத்தாற் புழுக்கொடியலாயிற்றே என்று மற்றொருவன் தடுத்தான். ‘பச்சையாக’ என்று தான் சொன்னது அதற்காகவே என முன்னவன் வாதித்தான். மூன்றாமவன் ‘ஒடியல்’ என்பதையே ஆங்கில எழுத்தில் எழுதி, முதன்முறை வருமிடத்தில் மாத்திரம் ஒரு வரி விளக்கஞ் சேர்த்திருந்தான். அவனுக்கே முழுப் புள்ளியும் இட்டோம்.