செகண்ட் ஹேண்ட் பவர் மெஷின் வாங்கப் போறீங்களா? விலை கேக்கறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க

மணிமங்கலம், படப்பை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாடகை வீட்டுல இருந்து தினம் கம்பெனி பஸ் ஏறுற பலருக்கும் ஒரு யோசனை இருக்கு. "பழைய பவர் மெஷின் ஒண்ணு வாங்கி வீட்டுல போட்டா, மாசம் ஐயாயிரம் ஆறாயிரம் சேர்ந்து வருமே?"

யோசனை நல்லதுதான். ஒரே சம்பளத்தை நம்பி இருந்தா என்ன ஆகும்னு இந்தப் பகுதிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. ஸ்ரீபெரும்புதூர்ல 2006ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர்ல நின்னுபோச்சு. ஆயிரக்கணக்கான இளம் குடும்பங்களோட பட்ஜெட் ஒரேயடியா மாறிச்சு. அதனால இரண்டாவது வருமானம் தேவையாங்கறது கேள்வியே இல்ல. அதுக்காகப் போடற பணம் பாதுகாப்பா இருக்காங்கறதுதான் கேள்வி.

இந்தப் பதிவுல ஒரே ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க: மெஷினுக்குக் கொடுத்த பணத்துல பெரும்பகுதி, வித்தா திரும்பி வரும். மெஷினைச் சுத்திப் போட்ட பணம் திரும்பி வராது. மீதி எல்லா முடிவும் இதுலேர்ந்துதான் வருது.

எந்த மெஷின்?

வீட்டு மெஷின் அளவா தைக்கறதுக்கு. தினமும் மணிக்கணக்குல ஓட்டணும்னா கார்மென்ட் கம்பெனியில ஓடுற சிங்கிள் நீடில் பவர் மெஷின் வேணும். பழைய மார்க்கெட்ல அதிகம் கிடைக்கறது ஜூகி டிடிஎல்-8700 மாதிரியான மாடல்கள். நிமிஷத்துக்கு 5,500 தையல் வரை போகக்கூடிய மெஷின். தலைப்பகுதி மட்டுமே 25 கிலோவுக்கு மேல இருக்கும். டேபிள் சுமார் 4 அடி நீளம். உங்க வீட்டு மாடிப்படி, வாசல் அகலம் ரெண்டையும் டேப் வெச்சு அளந்துட்டு அட்வான்ஸ் கொடுங்க.

பஞ்சு வெச்ச போர்வை, ரஜாய் தைக்க ஆசைப்படறவங்க வெளிநாட்டு வீடியோவுல குவில்டிங் பிரேம் பார்த்திருப்பீங்க. அதுல துணி உருளைகள்ல சுத்தி இழுத்துக் கட்டப்பட்டு அப்படியே நிக்கும். மெஷின்தான் சக்கரத்துல ஓடும். பெரிய படுக்கை அளவுக்கு வேணும்னா பிரேமே 10 அடிக்கு மேல போயிடும். நம்ம ஊர் வாடகை வீட்டு ஹால்ல அதைப் போட்டா மனுஷங்க வெளியேதான் படுக்கணும். நம்ம பக்கம் ரிப்பேருக்கு ஆளும், திரும்ப வாங்க ஆளும் கிடைக்கறது கஷ்டம். அதாவது, நம்ம முதல் விதிப்படி இது திரும்பி வராத பணம்.

சாதாரண பவர் மெஷின்ல மெஷின் நிக்கும், துணி நகரும். ஊசிக்கும் மெஷின் கழுத்துக்கும் நடுவுல இருக்கற இடம் குறைவு. சுருட்டின டபுள் பெட் ரஜாயை அதுக்குள்ள தள்ளித் தைக்கறது பெரும் போராட்டம். ஆனா குழந்தை மெத்தை, தொட்டில் விரிப்பு, குஷன் உறை, சமையலறைக் கைத்துணி எல்லாம் தாராளமா வரும். பஞ்சு வெச்ச அடுக்குத் துணி தைக்கும்போது அடித்துணி முன்னாடி ஓடும், மேல்துணி பின்தங்கும். அதுக்கு வாக்கிங் ஃபுட் மெஷின்தான் சரி. அந்த வேலைதான் உங்க முக்கிய ஆர்டர்னா முதல்லயே அதைத் தேடுங்க.

வாங்கற இடத்துல இதையெல்லாம் பாருங்க

கார்மென்ட் யூனிட்டுகள் மெஷினை மாத்தும்போது பழசு வியாபாரிகள்கிட்ட வரும். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீங்க.

1. கரன்ட் போடறதுக்கு முன்னாடி, வீலைக் கையால உங்க பக்கமா சுத்துங்க. எங்கேயும் பிடிக்காம ஒரே சீரா சுத்தணும்.
2. ஊசி பிடிக்கிற தண்டை விரலால லேசா ஆட்டிப் பாருங்க. கடகடன்னு ஆடினா தேய்மானம் அதிகம்.
3. உங்க துணியை நீங்களே எடுத்துட்டுப் போங்க. மெல்லிசு காட்டன் ரெண்டு மடிப்பு, ஜீன்ஸ் நாலு மடிப்பு. மெதுவாவும் வேகமாவும் தைச்சு, மேல்பக்கம் கீழ்பக்கம் ரெண்டையும் பாருங்க.
4. மெஷின் ஓடும்போது மேல இருக்கற கண்ணாடியில எண்ணெய் தெறிக்கறது தெரியணும். தெரியலன்னா எண்ணெய் மேல ஏறல. உள்ளே தேயுதுன்னு அர்த்தம்.
5. ரிவர்ஸ் லிவர், தையல் நீளம் மாத்தற டயல் ரெண்டும் வேலை செய்யுதான்னு பாருங்க. ஊசித் தட்டு ஓட்டையில கீறல் இருந்தா நூல் அறுந்துக்கிட்டே இருக்கும்.
6. மெஷின் நம்பரை போட்டோ எடுத்து, அந்த நம்பர் போட்ட பில் வாங்குங்க. பில் இல்லாத மெஷின் எவ்வளவு மலிவா கிடைச்சாலும் வேண்டாம். நாளைக்கு நீங்க விக்கும்போதும் அந்த பில்தான் விலை பேசும்.

வீட்டுல செட் பண்ணும்போது

முதல் வேலை எர்த். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டி ஓட்டாதீங்க; எலெக்ட்ரீஷியனை வெச்சு எர்த் சரியா வருதான்னு பார்த்துத் தனி பாயின்ட் போடுங்க. தொழிலுக்கு வீட்டு கனெக்‌ஷனே போதுமா, வேற டாரிஃப் வேணுமான்னு உங்க பகுதி மின்வாரிய அலுவலகத்துல கேட்டுடுங்க. வீட்டு ஓனர்கிட்டயும் முன்னாடியே சொல்லிடுங்க.

மோட்டார்ல ரெண்டு வகை. பழைய கிளட்ச் மோட்டார், சுவிட்ச் போட்டதுலேர்ந்து அணைக்கற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும்; சத்தமும் அதிகம். சர்வோ மோட்டார் பெடலை மிதிச்சாத்தான் சுத்தும். வேகத்தையும் குறைச்சு வெச்சுக்கலாம். பழகறவங்களுக்கு இது பெரிய உதவி. 400 வாட் மோட்டார் முழு லோடுல 4 மணி நேரம் ஓடினா 1.6 யூனிட். மாசம் 25 நாளுக்கு 40 யூனிட், ரெண்டு மாச பில்லுக்கு 80 யூனிட். யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும் ஸ்லாப் முறைங்கறதால, இந்த 80 யூனிட் உங்க பில்லை அடுத்த ஸ்லாப்புக்குத் தள்ளுமான்னு பழைய பில்லை எடுத்துப் பாருங்க.

எண்ணெய் ஹை, லோ கோடுகளுக்கு நடுவுல இருக்கணும். இந்த மாடலுக்கு டிபி×1 ஊசி; வீட்டு மெஷின் ஊசி பொருந்தாது. சாதாரண காட்டனுக்கு 14ஆம் நம்பர், தடிச்ச அடுக்குக்கு 16 அல்லது 18. துணி வைக்காம ஃபுட்டை இறக்கி ஓட்டினா அடியில இருக்கற பல்லு தேயும். ஊசி மாத்தும்போது பிளக்கைக் கழட்டிடுங்க. குழந்தைங்க இருக்கற வீட்டுல வேலை முடிஞ்சதும் கண்டிப்பா கழட்டிடுங்க.

இப்போ நிஜக் கணக்கு

கீழே வர்றதெல்லாம் உதாரண எண்கள். உங்க ஏரியா ரேட்டைப் போட்டு மாத்திக்கோங்க.

மெஷின், டேபிள், கிளட்ச் மோட்டார் சேர்த்து: ₹15,000
வண்டி, ஏத்து இறக்குக் கூலி: ₹1,500
சர்வீஸ், உதிரி பாகம்: ₹2,000
வயரிங், எர்த்: ₹1,500
நூல், ஊசி, பாபின், கத்தரி: ₹2,000
சர்வோ மோட்டார்: ₹4,500
லைட், நாற்காலி: ₹1,500
மொத்தம்: ₹28,000

₹15,000 மெஷின்னு நினைச்சோம்; வீட்டுல ஓடற நிலைக்கு வரும்போது ₹28,000. இதுல சர்வோ மோட்டார், லைட், நாற்காலி ஆக ₹6,000 செலவை ரெண்டு மாசம் தள்ளிப் போடலாம். ஆர்டர் நிக்குதான்னு பார்த்துட்டு வாங்கலாம். எர்த்தையும் சர்வீஸையும் தள்ளிப் போடக் கூடாது. மாடி வீடு, கீழே குடும்பம் இருக்குன்னா மட்டும் சத்தத்துக்காக சர்வோவை முதல்லயே வாங்குங்க.

அப்போ ஆரம்ப முதலீடு ₹22,000. சரிப்பட்டு வரல, மெஷினை ₹12,000க்கு வித்துட்டீங்கன்னா நஷ்டம் ₹10,000. அந்த ₹10,000 போனா உங்க வீடு தாங்குமா? இதுக்கு பதில் "தாங்கும்"னா மட்டும் மேல படிங்க.

எத்தனை பீஸ்ல போட்டது திரும்பும்?

ஒரு பீஸுக்குக் கூலி ₹60. நூல், கரன்ட், ஊசிக்கு ₹8. கையில நிக்கறது ₹52. முழு ₹28,000 திரும்ப 539 பீஸ் தைக்கணும்.

ஒரு நாளைக்கு 6 பீஸ், மாசம் 22 நாள்னா 132 பீஸ், ₹6,864. நாலு மாசத்துல போட்டது திரும்பிடும். ஆர்டர் பாதிதான் வருதுன்னா 66 பீஸ்; ₹3,432. எட்டு மாசம் ஆகும். மெஷின் அதேதான். மாறினது ஆர்டர் மட்டும். அதனால மெஷினைத் தேடற நேரத்துல பாதியை ஆர்டர் தேடறதுக்குச் செலவு பண்ணுங்க. தெரிஞ்ச டெய்லர் கடையில வேலை வாங்கி, வீட்டுல இருக்கற மெஷின்லயோ அவங்க மெஷின்லயோ முதல்ல 50 பீஸ் தைச்சுப் பாருங்க. 50 பீஸுக்கு ஆள் கிடைக்கலன்னா 539க்கு எப்படிக் கிடைக்கும்?

யாரோட நேரம்?

இது பல கணக்குல காணாம போற வரி. நீங்க ஷிப்ட் போயிடுவீங்க. தைக்கப் போறது மனைவியோ அம்மாவோ அக்காவோ. "சும்மா இருக்கற நேரத்துல தைப்பாங்க"ன்னு எழுதினா அந்தக் கணக்கு தப்பு. ஒரு பீஸுக்கு 40 நிமிஷம்னா 6 பீஸுக்கு 4 மணி நேரம். ₹312ஐ நாலால வகுத்தா மணிக்கு ₹78. துணி வாங்கி வர, அளவு கேக்க, கொண்டு போய்க் கொடுக்க ஒரு மணி நேரம் சேர்த்தா மணிக்கு ₹62தான். இந்தத் தொகைக்கு இந்த வேலை சரியான்னு தைக்கறவங்கதான் சொல்லணும். வர்ற பணமும் அவங்க அக்கவுன்ட்டுக்கே போகட்டும். அதுக்குன்னு தனி யூபிஐ வெச்சுக்கோங்க.

நீங்களே தைச்சு உங்க பேர்ல வருமானம் வந்தா, உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல வேற தொழில் பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிச்சுடுங்க. சம்பளத்தோட தொழில் வருமானமும் சேர்ந்தா ஐடிஆர்-1 போதாது, ஃபார்ம் மாறும்.

பணம் எங்கேர்ந்து?

ஒரு சுவாரசியமான விஷயம். இஎம்ஐங்கற பழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பினதுல தையல் மெஷினுக்கே பெரிய பங்கு உண்டு. சிங்கர் கம்பெனி 1856லயே தவணையில மெஷின் விக்க ஆரம்பிச்சுடுச்சு. மெஷின் சம்பாதிச்சு மெஷின் கடனை அடைக்கும்ங்கறதுதான் அன்னைக்கும் இன்னைக்கும் சொல்ற கதை.

கதையை நம்ம எண்ணுல போட்டுப் பாப்போம். ₹28,000 கடன், ஃபிளாட் 12 சதவீதம், 12 மாசம். வட்டி ₹3,360, இஎம்ஐ சுமார் ₹2,613. அசல் மாசாமாசம் குறைஞ்சாலும் வட்டி முழு அசலுக்கே போடறதால, நிஜ வட்டி வருஷத்துக்கு 21 சதவீதத்தைத் தாண்டும். 66 பீஸ் தைச்ச மாசத்துல வந்த ₹3,432ல் இஎம்ஐ போக மிச்சம் ₹819. அதுக்காக உழைச்சது 44 மணி நேரம். மணிக்கு ₹19 கூட இல்ல!

அதனால செகண்ட் ஹேண்ட் மெஷினைச் சேமிப்புலதான் வாங்கணும். அதுவும் மூணு மாசச் செலவுக்கான அவசர நிதியைத் தொடாம. கான்ட்ராக்ட் வேலையில இருக்கறவங்களுக்கு இது ரெண்டு மடங்கு முக்கியம்.

கடன்தான் வழின்னா அரசுத் திட்டத்தை முதல்ல பாருங்க. நம்ம பக்கத்துல இருக்கற குன்றத்தூர்ல 2025 ஏப்ரல்ல தொடங்கின கலைஞர் கைவினைத் திட்டத்துல ₹3 லட்சம் வரை கடன், அதுல 25 சதவீதம், அதிகபட்சம் ₹50,000 மானியம்னு அறிவிச்சாங்க. குறைந்தபட்ச வயசு 35. உங்களுக்கு 26 வயசுன்னா உங்களுக்குப் பொருந்தாது. வீட்டுல தையல் தெரிஞ்ச அம்மாவுக்குப் பொருந்தலாம். மானியக் கடனுக்குப் பொதுவா புது மெஷின் கொட்டேஷன்தான் கேப்பாங்க. அப்படின்னா, மானியம் போக புதுசு எவ்வளவு, மானியம் இல்லாம பழசு எவ்வளவுன்னு ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. இப்போ விண்ணப்பம் வாங்கறாங்களா, பழைய மெஷினை ஏத்துக்குவாங்களான்னு காஞ்சிபுரம் மாவட்டத் தொழில் மையத்துல கேட்டுட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க.

வாங்கற அன்னைக்கே எழுதி வைங்க

ஒரு நோட்டுல மூணு வரி எழுதி, மெஷின் டேபிள்லயே ஒட்டிடுங்க. போட்ட மொத்தப் பணம். மாசம் குறைஞ்சது எத்தனை பீஸ். எந்தத் தேதிக்குள்ள அந்த எண்ணிக்கை வரலன்னா மெஷினை வித்துடுவோம். மூணாவது வரிதான் ரொம்ப முக்கியம். செகண்ட் ஹேண்டோட நிஜமான லாபமே, முதல் ஓனர் தேய்மானத்தைச் சுமந்துட்டாரு, நாம குறைஞ்ச நஷ்டத்துல வெளிய வரலாம்ங்கறதுதான். அந்த வசதியைப் பயன்படுத்தாம, ஓடாத மெஷின் மேல துணி மடிச்சு வெச்சீங்கன்னா அது ₹28,000க்கு வாங்கின அலமாரி.

இந்த வாரம் செய்ய வேண்டிய வேலை ஒண்ணே ஒண்ணு: உங்க தெருவுல எந்த வேலைக்கு என்ன கூலின்னு மூணு டெய்லர்கிட்ட கேட்டு, மேல இருக்கற ₹60 இடத்துல அந்த எண்ணைப் போடுங்க. கணக்கு சரியா வந்தா, தைரியமா மெஷின் பார்க்கப் போங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!