வேலைநிறுத்தம் செய்தால் வேலை போகுமா?

கேள்வி: என் தம்பி கிடங்கில் மூட்டை ஏற்றுகிறான். கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்யப்போகிறார்கள். ‘வெளியே போனவனைத் திரும்பச் சேர்க்கமாட்டேன்’ என்கிறார் முதலாளி. என்ன செய்வது?
– ஒரு வாசகி, புதுச்சத்திரம்

பதில்: முதலில் கோரிக்கையை எழுதிக் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள் அம்மா. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் பேச்சு நடக்கும்போதும் கூடாது. அவசரப்பட்டு இறங்கினால் முதலாளி கையில் நாமே ஆயுதம் கொடுத்தவர்களாவோம்.

ஆனால் அதே பேச்சுக்காலம் தம்பிக்குக் காவலும்கூட. அந்தத் தகராறு தொடர்பான குற்றச்சாட்டுக்காக யாரையும் அலுவலரின் எழுத்துமூல முன் அனுமதியின்றி நீக்க முடியாது. வேறு காரணம் காட்டி நீக்கினாலும் ஒரு மாதச் சம்பளம் தந்து அவரிடம் ஒப்புதல் கேட்க வேண்டும். இதற்கு முன்பிருந்த தொழில் தகராறுச் சட்டத்திலும் இந்த விதி இருந்தது. ஒப்புதல் இல்லாத நீக்கம் செல்லாது என்று அந்தச் சட்டத்தின்கீழ் 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்தவரென்றால் பாதுகாப்பு மெலிது. அதனால் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வருகைப் பதிவின் படம் எல்லாவற்றையும் இப்போதே சேர்த்து வையுங்கள்.

சட்டம் மட்டும் போதாது, துணையும் வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்து போராடினார்கள். பழிவாங்கமாட்டோம் என்ற உறுதியோடுதான் வேலைக்குத் திரும்பினார்கள். ஆனாலும் 2025 பிப்ரவரியில் சங்க நிர்வாகிகள் மூவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களுக்காக உடன் வேலைசெய்தவர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். அதனால் தம்பியைத் தனியாக நிற்க விடாதீர்கள். சங்கத்தில் சேரச் சொல்லுங்கள்.