அலமாரிக்கு பாலிஷா, பெயின்டா?

தச்சு வேலை முடிகிற நேரத்தில் வீட்டுக்காரர் முன் மாதிரிப் பலகைகள் வரிசையாக வந்து நிற்கும். புதிதாக இருக்கும்போது எல்லாமே பளபளக்கும் என்பதால், பளபளப்பை வைத்து முடிவெடுக்க முடியாது. இரண்டு கேள்விகள் போதும்: அலமாரி எங்கே நிற்கப்போகிறது? நாளை கீறல் விழுந்தால் எப்படிச் சரிசெய்வது? கெட்டியான பூச்சு சீக்கிரம் கெடாது. ஆனால் கெட்டால் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்வது கடினம். மென்மையான பூச்சு எளிதில் கெடும், எளிதில் சரியாகும்.

முதலில் மரம்

தேக்கோ தேக்கு வெனீரோ என்றால் ரேகை தெரிவதுதான் அழகு. ஸ்டெயினும் பாலிஷும் அதற்கே உரியவை. எம்.டி.எஃப். பலகையில் ரேகையே கிடையாது, பெயின்ட்தான் பொருத்தம். பல துண்டுகளை ஒட்டி, பட்டி பார்த்த மரத்துக்கும் பெயின்டே நல்லது.

ஸ்டெயின் நிறம் மட்டும் தரும், மரத்தைக் காக்காது. அதன் மேல் பாலிஷ் கட்டாயம். வேலையில் உள்ள குறைகளையும் ஸ்டெயின் காட்டிக்கொடுத்துவிடும். பசை சிந்திய இடம் நிறத்தை வாங்காமல் வெளிறி நிற்கும். ரேகைக்குக் குறுக்கே தேய்த்த உப்புத்தாள் கீறல்கள் கருங்கோடுகளாகத் தெரியும். ஆகவே 120, 180, 220 என்று படிப்படியாக, ரேகையின் போக்கிலேயே தேய்க்கச் சொல்லுங்கள். ஸ்டெயின் தொடும் முன் டார்ச்சைப் பலகையோடு ஒட்டிப் படுக்கவைத்து அடித்துப் பாருங்கள். கீறல்கள் அப்போதே தெரிந்துவிடும்.

பாலிஷில் மூன்று

அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சு பொதிந்த துணியால் தேய்ப்பது பிரெஞ்ச் பாலிஷ். மரத்துக்கு இதமான மினுமினுப்பு தரும். சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். தண்ணீர் தேங்கினாலும் வெளுக்கும். ஆனால் கெட்ட இடத்தில் மட்டும் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். பூஜை அலமாரி, புத்தக அலமாரி, பழைய தேக்குச் சாமான்களுக்கு ஏற்றது.

மெலமைன், ஹார்டனர் கலந்து அடிப்பது. பிரெஞ்ச் பாலிஷைவிடக் கெட்டியானது, கறையையும் தாங்கும். காயும்போது கண்ணை எரிக்கும் ஃபார்மால்டிஹைடு வாடை வரும். ஜன்னல்களைத் திறந்துவைக்க வேண்டும். படுக்கையறை அலமாரிக்கு இது போதும்.

பி.யூ. எனப்படும் பாலியூரிதேன் இவற்றில் உறுதியானது. தண்ணீர், எண்ணெய், உரசல் மூன்றையும் தாங்கும். செலவும் அதிகம். தூசி இல்லாத இடத்தில் ஸ்பிரே செய்ய வேண்டும். ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. அடிப்பவருக்கு அதற்குரிய முகக்கவசம் தேவை, ஆஸ்துமா உள்ளவர்கள் அன்று வீட்டில் இருக்கக் கூடாது.

பெயின்டில் மூன்று

எனாமல் மலிவு, பிரஷ்ஷாலேயே அடிக்கலாம். ஆனால் காய நேரமாகும். வெள்ளை எனாமல் நாளடைவில் மஞ்சளாகும். வெளிச்சம் படாத கதவின் உட்புறம் முந்திக்கொள்ளும்.

டுகோ முதலில் கார்களுக்காக வந்த நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. விரைவில் காயும், வழவழப்பாக வரும். மழை நாளில் அடித்தால் காற்றின் ஈரம் ஏறிப் பால்போல் வெளுக்கும். தின்னர் பட்டால் கரையும்.

பி.யூ. பெயின்ட் சமையலறைக்கு ஏற்றது. ஆனால் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தால் பெரும்பாலும் கதவு முழுவதையும் மறுபடி அடிக்க நேரும்.

கண்ணில் படாத இடங்கள்

எந்தப் பூச்சானாலும் கதவின் ஆறு பக்கமும் அடிக்கச் சொல்லுங்கள். முகப்பை மட்டும் அடித்துவிட்டால் பின்பக்கம் ஈரத்தைக் குடித்து கதவு கோணும். சிங்க்கின் கீழே உள்ள கதவின் அடி விளிம்பில்தான் தண்ணீர் முதலில் ஏறும். எம்.டி.எஃப். என்றால் அந்த வெட்டு விளிம்புக்குக் கூடுதலாக ஒரு கோட் சீலர் வேண்டும். ஒருமுறை வீங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது.

பழைய அலமாரிக்குப் புதுப் பூச்சு என்றால், மறைவான மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்துக் கரைந்தால் அது பிரெஞ்ச் பாலிஷ். முழுக்க எடுத்துவிட்டுத்தான் பி.யூ. அடிக்க வேண்டும். கரையாவிட்டால் பழைய பளபளப்பு மங்கும்வரை தேய்த்து, சிறிய இடத்தில் அடித்துப் பிடிக்கிறதா என்று பார்த்துத் தொடரலாம்.

சுருக்கமாக

அடுப்பு, சிங்க் பக்கம் என்றால் பி.யூ.வுக்குச் செலவழியுங்கள். உடுப்பு அலமாரிக்கு மெலமைன் அல்லது டுகோ போதும். பரம்பரைத் தேக்குக்கு பிரெஞ்ச் பாலிஷ். கையைக் கடிக்கும் நிலையில் எனாமலும் தவறில்லை. சீலரையும் உப்புத்தாளையும் மட்டும் குறைக்க விடாதீர்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே சாமான்களை அடுக்க வேண்டாம், பி.யூ. முழுதாக இறுக ஒரு வாரம் ஆகும், எனாமலுக்கு இன்னும் கூடும். வேலை முடிந்ததும் நிறக் கலவையின் எண்ணையும் மிச்சப் பெயின்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கீறலுக்கு அவை உதவும்.