வரிசையில் நின்றால் மட்டும் போதுமா?

18 வயது நிரம்பிய எல்லோருக்கும் வாக்குரிமை உண்டு என்று குடிமையியலில் படிக்கிறோம். ஒரு மார்க் கேள்விக்கு விடையும் எழுதிவிடுகிறோம். அந்த உரிமை வாக்குச்சாவடி வாசலில் எப்படிச் சிக்கிக்கொள்கிறது என்பது பாடத்தில் இல்லை. 2024 ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தல் அன்று, சாரணர் சார்பில் நம் பள்ளி பூத்தில் சக்கர நாற்காலி தள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. அறை வாசல் வரைதான் அனுமதி. அங்கே நின்று பார்த்ததையும், வேறு ஊருக்குத் தேர்தல் பணிக்குப் போய்வந்த நம் சமூக அறிவியல் சாரிடம் பிறகு கேட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அன்று நம் பள்ளியில் நாலு பூத். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாகம் எண். பூத் சிலிப்பில் அந்த எண் அச்சாகியிருக்கும், ஆனால் யார் பார்க்கிறார்கள்? "போன தடவை இந்த ரூம்லதான் போட்டேன்" என்று நின்றுவிடுகிறார்கள். கைக்குழந்தையோடு ஒரு அக்கா முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று உள்ளே போனார். "உங்க பேரு இங்க இல்லம்மா, மூணாவது ரூம்" என்று சொல்லிவிட்டார்கள். அங்கே இன்னும் நீளமான வரிசை. குழந்தை அழுதது. அவர் ஓட்டுப் போடாமலே வீட்டுக்குப் போய்விட்டார். கைக்குழந்தையோடு வருபவர்களையும், முதியவர்களையும், மாற்றுத்திறனாளிகளையும் முன்னால் விட வேண்டும் என்று தேர்தல் ஆணையமே சொல்லியிருக்கிறதாம். சார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று வரிசையில் நின்ற ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

அடுத்த சிக்கல் அடையாள அட்டை. 2019 தேர்தலிலிருந்து பூத் சிலிப்பை மட்டும் காட்டி ஓட்டுப் போட முடியாது. வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் கார்டு, போட்டோ ஒட்டிய வங்கிப் பாஸ்புக் என்று 2024-இல் 12 ஆவணங்கள் பட்டியலில் இருந்தன. ரேஷன் கார்டு அதில் இல்லை. நம்ம ஊரில் எல்லோரும் எடுத்து வருவது அதைத்தான்! ஒரு பாட்டி ரேஷன் கார்டோடு வந்து, முடியாது என்றதும் அழுகிற மாதிரி ஆகிவிட்டார். "நூறு நாள் வேலை அட்டை இருக்கா பாட்டி?" என்று வாசலில் நின்ற போலீஸ்கார அக்கா கேட்டார். அந்த அட்டை பட்டியலில் உண்டு. பேரன் சைக்கிளில் போய் எடுத்து வந்தான்.

பார்வையில்லாத ஐயா ஒருவர், ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். துணைக்கு வருபவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஒருவர் அன்றைக்கு ஒரே ஒரு வாக்காளருக்குத்தான் துணையாக இருக்கலாம் என்பது விதி. தலைமை அலுவலர் அதைச் சொன்னதும் ஐயா கோபப்படவில்லை. "பிரெயில் தாள் இருக்குமே சார், அதக் குடுங்க" என்றார். வேட்பாளர் பட்டியலை விரலால் தடவிப் படித்தார். இயந்திரத்தில் பொத்தான் பக்கத்திலும் பிரெயில் எண் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் 'பீப்' சத்தம் வெளியே எங்களுக்கே கேட்டது. யாருக்குப் போட்டோம் என்று நமக்குக் காட்டும் சீட்டு 7 விநாடி கண்ணாடிக்குள் தெரியும். அது அவருக்குப் பயன்படாது. ஆனாலும் வெளியே வந்து, "இத்தன வருசமா யாராவதுதான் அமுக்குவாங்க தம்பி. நான் சொன்னதத்தான் அமுக்குனாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று சிரித்தார்.

இனி என் வேலைக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பு அறை வாசலில் உள்ள சாய்தளத்தை மறுநாள் அளந்தேன். படியின் உயரம் ஒன்றரை அடி, சாய்தளத்தின் நீளம் 5 அடி. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. அப்படியானால் 18 அடி இருக்க வேண்டும். இரண்டு பேர் தள்ளியும் நாற்காலி பின்னால் வந்தது. "பயமா இருக்கு, எறக்கி விடுங்கப்பா" என்று ஒரு தாத்தா இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். சாய்தளம் இருக்கிறது என்று படிவத்தில் டிக் போட்டிருப்பார்கள். அது இன்றும் அப்படியேதான் இருக்கிறது, டேப் எடுத்துப்போய் அளந்து பாருங்கள். (2024-இல் 85 வயது தாண்டியவர்களும், 40 சதவீதத்துக்கு மேல் ஊனம் உள்ளவர்களும் 12டி படிவம் கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்க முடிந்தது. அந்தத் தாத்தாவுக்கு 81தான்.)

மாலை 6 மணிக்கு வாக்குப்பதிவு முடியும் நேரம். அப்போது வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுப்பார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பார்கள் தெரியுமா? கடைசியில் நிற்பவரிடமிருந்து! பிறகு வந்து யாரும் பின்னால் ஒட்டிக்கொள்ள முடியாது. டோக்கன் வாங்கியவர்கள் மணி எட்டானாலும் போடலாம். 'மணி ஆயிடுச்சு' என்று அதற்கு முன்பே கலைந்து போனவர்களை நான் பார்த்தேன்.

நம் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டால் என்ன செய்வது என்பதை, 2018-இல் 'சர்கார்' படம் பார்த்தவர்கள் 49பி என்று உடனே சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்த ஓட்டு இயந்திரத்தில் விழாது. தனிச் சீட்டில் போட்டு உறையில் வைப்பார்கள், சாதாரணமாக எண்ண மாட்டார்கள் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிளஸ் டூ அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரு செய்தி: 17 வயது முடிந்தாலே படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எதற்குள் 18 நிரம்புகிறதோ, அந்தக் காலாண்டில் பெயர் சேரும். பட்டியல் வந்ததும் பெயரோடு பாகம் எண்ணையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் தாத்தா பாட்டியின் எண்ணையும் அதே தாளில் எழுதி வையுங்கள்.