கடிகாரம் மாறும் முன்: பிரிட்டனில் படிக்கப் போயிருக்கும் பிள்ளைகளுக்கு

அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். அதுவரை சென்னைக்கும் லண்டனுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், அன்றிலிருந்து ஐந்தரை. யாழ்ப்பாணத்துக்கும் இதே கணக்குதான். செப்டம்பரில் போய் இறங்கிய பிள்ளை மாலை ஐந்து மணிக்கு வகுப்பு முடித்து வீட்டுக்குப் பேசினால் ஊரில் இரவு ஒன்பதரை. அம்மா சாப்பிட்டு முடித்து போனுக்காகக் காத்திருப்பார். கடிகாரம் மாறியபின் அதே ஐந்து மணி என்பது ஊரில் பத்தரை. "அப்பா தூங்கிட்டார், நாளைக்குப் பேசு" என்று பேச்சு முடிந்துவிடும். ஜன்னலுக்கு வெளியேயும் இருட்டியிருக்கும். டிசம்பர் நடுவில் லண்டனில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது. கிளாஸ்கோவில் இன்னும் சற்று முன்னதாக. வெளிச்சமும் வீட்டுப் பேச்சும் ஒரே வாரத்தில் குறைவது புதிதாகப் போனவர்களை உலுக்கிவிடும்.

அந்த ஞாயிறு வருவதற்குள் சில வேலைகளை முடித்துவிடுங்கள். பிரச்சினை வந்தபின் இருட்டிலும் குளிரிலும் அவற்றைச் செய்வது மிகவும் கடினம்.

முதல் வேலை, ஜி.பி. எனப்படும் உள்ளூர் மருத்துவரிடம் பெயர் பதிவது. விசாவுடன் ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் ஏற்கெனவே கட்டியிருக்கிறீர்கள். மருத்துவரைப் பார்க்கக் காசு கிடையாது, பதிவதற்கும் கிடையாது. "உடம்பு சரியில்லாமல் போனால் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சலோடு படுத்திருக்கும் நாளில் படிவம் நிரப்பவோ தடுப்பூசி போடவோ முடியாது. முதல் முறையாகப் பல்கலைக்கழகம் செல்லும் 25 வயதுக்கு உட்பட்ட வெளிநாட்டு மாணவர்களுக்கு மூளைக்காய்ச்சலுக்கான மென் ஏசிடபிள்யூஒய் தடுப்பூசியை ஜி.பி.யில் இலவசமாகப் போடுகிறார்கள். ஊரில் போட்டுக்கொள்ளவில்லை என்றால் இந்த வாரமே கேளுங்கள்.

இந்த நோயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதிய மாணவர்கள் கூடித் தங்கும் விடுதிகளில் மூளைக்காய்ச்சல் பரவும் அபாயம் அதிகம். அந்தத் தடுப்பூசி பி வகைக் கிருமியைத் தடுக்காது என்பதால், ஊசி போட்டவர்களும் அறிகுறிகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, காய்ச்சல் அடித்தும் கைகால் சில்லிட்டிருப்பது, எழுப்ப முடியாத தூக்கம் ஆகியவை அவை. தோலில் தடிப்பும் வரலாம். அதன் மேல் கண்ணாடி டம்ளரை அழுத்தியும் நிறம் மறையாவிட்டால் ஆபத்து என்று அங்கே சொல்லித்தருவார்கள். நம் தோல் நிறத்தில் அந்தத் தடிப்பு எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களில் பாருங்கள். தடிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள். பக்கத்து அறைப் பிள்ளை இரண்டு வேளையாக வெளியே வரவில்லை என்றால் கதவைத் தட்டிப் பாருங்கள். உயிருக்கு ஆபத்தில்லாத உடல்நலக் கேள்விகளுக்கு 111. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அதில் கேட்கலாம்.

அடுத்தது வீடு. செப்டம்பர் அவசரத்தில் பார்க்காமலே அட்வான்ஸ் அனுப்பியவர்கள் பலர் இருப்பீர்கள். இங்கிலாந்தில் சாதாரண வாடகை வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. வீட்டைப் பிடித்துவைக்க வாங்கும் முன்பணம் ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது. டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று காப்புத் திட்டங்களில் ஒன்றில் கட்டி, அந்த விவரத்தை உங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். செப்டம்பரில் பணம் கொடுத்திருந்தால் அந்தக் கெடு இப்போதுதான் முடிகிறது. சான்று வராவிட்டால் மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். கட்டத் தவறியவரை டெபாசிட்டைப் போல் ஒன்று முதல் மூன்று மடங்குவரை உங்களுக்குக் கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஒரு விஷயம்: வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருந்தால் இந்தக் காப்பு விதி பொருந்தாது. ஈஸ்ட் ஹாமிலோ வெம்பிளியிலோ நம்மவர் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுக்கும் பிள்ளைகளுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். நம்ம ஊர்க்காரர், நல்லவர் என்பதெல்லாம் சரி. கொடுத்த பணத்துக்குக் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். வங்கி வழியாகக் கொடுங்கள்.

ஹீட்டர் போடத் தொடங்குமுன் அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா, கேஸ் பாய்லரை இந்த ஆண்டு சோதித்த சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டுக்குள் தலைவலி, மயக்கம்; வெளியே வந்தால் சரியாகிறது என்றால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேறி 0800 111 999ஐ அழையுங்கள். விடுதியில் கடுகு, மிளகாய் தாளித்ததும் புகை எச்சரிக்கைக் கருவி அலறுகிறது என்று அதன்மேல் பிளாஸ்டிக் உறை மாட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தக் கருவி தூங்குகிறவர்கள் அத்தனை பேரின் உயிருக்கும் காவல். சமையலறைக் கதவை மூடி, ஜன்னலைத் திறந்து தாளியுங்கள்.

இனி தொலைபேசி. இந்தப் பருவத்தில் புதிய மாணவர்களைக் குறிவைத்து அழைப்புகள் வரும். "உள்துறை அலுவலகம் பேசுகிறோம், உங்கள் படிவத்தில் பிழை, அபராதம் கட்டாவிட்டால் நாடு கடத்துவோம்" என்பார்கள். இந்தியத் தூதரகத்தின் பெயரிலும் வரும். உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், படிப்பு எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். திரையில் தெரியும் எண்கூட உண்மையான அலுவலக எண்ணாக இருக்கும், ஏனென்றால் அதைப் போலியாகக் காட்ட முடியும். எந்த அரசு அலுவலகமும் போனில் மிரட்டி அபராதம் வாங்குவதில்லை. யாரிடமும் சொல்லாதே, இணைப்பைத் துண்டிக்காதே என்று சொன்ன அந்த நொடியிலேயே துண்டியுங்கள். பணம் அனுப்பிவிட்டால் 159க்கு அழையுங்கள், உங்கள் வங்கியோடு இணைப்பார்கள். 2024 அக்டோபர் 7 முதல், பிரிட்டனுக்குள் நடந்த இத்தகைய ஏமாற்றுப் பரிமாற்றங்களுக்கு 85,000 பவுண்டுவரை வங்கிகள் திருப்பித்தர வேண்டும் என்ற விதி உண்டு. ஊர்க் கணக்கிலிருந்து போன பணத்துக்கு அது பொருந்தாது. வெட்கத்தால் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் திரும்பிவரும் வாய்ப்பைக் குறைக்கிறது.

இன்னொரு வலை, நண்பர் போலப் பேசி விரிப்பது. "உன் கணக்கில் பணம் வரும், எடுத்து இன்னொரு கணக்கில் போடு, உனக்கு இருநூறு பவுண்டு" என்பார்கள். அது திருட்டுப் பணம். அதைக் கைமாற்றுவது பிரிட்டன் சட்டத்தில் 14 ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வங்கிக் கணக்கை மூடுவார்கள், மோசடிப் பதிவு ஆறு ஆண்டு நிற்கும். அதன்பின் வாடகை வீடு கிடைப்பதும் கடினம், போனுக்கு மாதத் திட்டம் கிடைப்பதும் கடினம்.

வேலை விஷயத்தில் விதி தெளிவானது. பட்டப்படிப்பு மாணவர் விசாவில் பருவ நாட்களில் திங்கள் முதல் ஞாயிறுவரை 20 மணி நேரம், அவ்வளவுதான். ஒரு வாரம் குறைவாகச் செய்துவிட்டு அடுத்த வாரம் கூட்டிச் செய்ய முடியாது. முதுகலை மாணவர்களுக்குக் கோடைக்காலம் ஆய்வேடு எழுதும் காலம், விடுமுறை அல்ல. அப்போதும் அதே 20 மணிதான். சுயதொழில் கூடவே கூடாது. வேறொருவரின் செயலிக் கணக்கை வாடகைக்கு எடுத்து உணவு டெலிவரி செய்யும் பிள்ளைகள் தங்கள் விசாவைப் பணயம் வைக்கிறார்கள்.

தீபாவளிக்கு ஒரு வார்த்தை. விடுதி அறையில் அகல்விளக்கும் கற்பூரமும் வேண்டாம், பேட்டரி விளக்கு வையுங்கள். தெருவில் பட்டாசு வெடிப்பது அங்கே குற்றம். தனியாக உட்கார்ந்திருக்காமல் ஹைகேட் முருகன் கோயிலுக்கோ விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்கோ போய்விட்டு வாருங்கள். மற்ற ஊர்களில் இருந்தால் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தைத் தேடுங்கள். இலையுதிர் காலமும் குளிர்காலமும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுக்கலாம் என்பது பிரிட்டன் சுகாதாரத் துறையின் பரிந்துரை. வெயில் பட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது அவசியம்.

மனம் சரியில்லை, படிப்பு பிடிக்கவில்லை, தவணை கட்ட முடியவில்லை என்றால் வகுப்புக்குப் போவதை நிறுத்துவதற்கு முன்னால் பேசுங்கள். வருகை நின்றால் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மனநல ஆலோசகரைப் பார்த்தீர்கள் என்பதற்காக விசா பறிபோகாது. மாணவர் சங்கத்தின் ஆலோசனை மையம் இலவசம். தேர்வைத் தள்ளிவைக்கவும், பல்கலைக்கழகத்தின் இடர்கால உதவித்தொகை கேட்கவும் அங்கே வழிகாட்டுவார்கள். நள்ளிரவில் யாருமே இல்லை என்று தோன்றினால் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 116 123 எண்ணுக்குப் பேசுங்கள். எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது.

பெற்றோரே, கடிகாரம் மாறுமுன் பிள்ளையோடு பேச வாரத்தில் ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாறியபின் ஞாயிற்றுக்கிழமை அங்கே காலை பத்து மணி என்றால் ஊரில் மாலை மூன்றரை, இருவருக்குமே வெளிச்சம் இருக்கும் நேரம். மதிப்பெண், கடன் தவணை பற்றியெல்லாம் பிறகு கேட்கலாம். முதலில் சாப்பிட்டாயா, யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள்.